ஐப்பசி மழையில் காசிமேட்டுக்கு வரும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஐப்பசி மழையில் காசிமேட்டையும் எண்ணூரையும் படம் எடுக்க வருவதாகச் சொன்னாய். வா, ரொம்ப சந்தோஷம். கேமராவை நினைத்துதான் எனக்குக் கவலை. ராயபுரத்தில் உட்கார்ந்து கேமரா பழுது பார்க்கிறவன் நான். நனைந்ததால் கெட்டதை விட, நனைந்த பிறகு கவனிக்காமல் விட்டதால் கெட்ட கேமராதான் என் மேசைக்கு அதிகம் வருகிறது.

மழை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். சாரல் தாங்கும், அவ்வளவுதான். லென்ஸ் மாட்டும் வளையத்தில் ரப்பர் இருக்கிறதா என்று பார். அது இல்லாவிட்டால் பாடி எவ்வளவு நல்லதாக இருந்தும் ஈரம் அந்த வழியாக நுழைந்துவிடும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் குடையை நம்பாதே, கடல் காற்று பிடுங்கிவிடும். தடிமனான பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு, லென்ஸ் ஹுட்டின் மேல் ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொள். மழையில் லென்ஸ் மாற்றாதே. ஜூம் நீளும்போது வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும், அதனால் முடிந்தவரை ஜூம் இல்லாத பிரைம் லென்ஸையே மாட்டு.

மழைத் தண்ணீரைக்கூட மன்னித்துவிடலாம். உப்புத் தண்ணீர் அப்படியில்லை. காய்ந்ததும் ஸ்க்ரூ தலைகளில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து உலோகத்தை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் முழுக்கத் துடை, அப்புறம் உலர்ந்த துணியால். எண்ணூர் முகத்துவாரம் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் ஒட்டும். ப்ளோயரால் ஊதாமல் கண்ணாடியைத் தேய்த்தால் கீறல் விழுந்துவிடும்.

தண்ணீர் உள்ளே போனதாகச் சந்தேகம் வந்தால் ஆன் செய்து பார்க்காதே. பேட்டரியையும் கார்டையும் கழற்றி என்னிடம் கொடு. அரிசியில் புதைக்க வேண்டாம், தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையரும் வேண்டாம்.

ராத்திரி ஏசி போடுவாய், சரி. கேமரா பை ஹாலில் இருக்கட்டும். சில்லிட்ட கேமராவோடு விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போனால் வெளிக்காற்று பட்டதும் லென்ஸைப் பனி மூடிவிடும். அது தெளிவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும்.

பூஞ்சைதான் எனக்குப் பெரிய பயம். போன வாரம் ஒருவர் கொண்டுவந்த லென்ஸில் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். ஓரத்தில் கிளம்பி நடுக்கண்ணாடி வரை சிலந்தி நூல் மாதிரி படர்ந்திருந்தது. பூஞ்சையின் அமிலம் கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கை அரித்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும், வளர்ந்துவிடும். நம் பக்கம் மழைக்காலம் அப்படித்தான். தோல் உறையில் வைக்காதே. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை. ஜெல்லின் நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கினால் மறுபடி நீலமாகிவிடும். ஆனால் அம்மாவின் சமையல் வாணலியைத் தொடாதே, அந்த நீலத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு விஷம். கடையில் அதற்கென்றே ஒரு பழைய சட்டி வைத்திருக்கிறேன்.

டப்பாவும் ஜெல்லும் எடுத்து வைத்துவிட்டேன். எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா