அபராதத்துக்கு அசையாதவர்கள் பூட்டுக்கு அசைந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் பசுமைத் தொழில்நுட்பத்துக்கு மாறுவதற்கு வாடிக்கையாளரின் விழிப்புணர்வும் முதலாளிகளின் தொலைநோக்குமே காரணம் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. அதற்குச் சான்றாகத் திருப்பூர்ச் சாயத் தொழிலைக் காட்டியிருப்பதுதான் வேடிக்கை. இதே தொழிலில் கணக்கெழுதிப் பிழைப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. நொய்யல் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலையை எட்டக் கெடு விதித்தது. அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். பைசாக் கணக்கை எங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டுமா? அதையும் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொண்டு பட்டறைகள் ஓடின. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி இறுதியில், எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அதன்பின் நடந்ததைத்தான் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் அள்ளிக் கொட்ட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீரிலேயே நின்றுவிடும். வயலைக் கெடுத்தது பெரும்பாலும் அந்த உப்புதான். சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீரைப் பிரித்துவிடலாம். மிஞ்சும் உப்புக் கரைசலை எவாபரேட்டர் என்னும் ஆவியாக்கும் இயந்திரத்தில் காய்ச்சியே தீர்ப்பதென்றால் விறகும் கரண்டும் கட்டுபடியாகாது. காய்ச்சுவதைக் குறைத்து, அந்தக் கரைசலில் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி அப்படியே சாயத்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் முறையை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்திக் காட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசும் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்று பயன்படுத்தும் தண்ணீரில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. உப்பு வாங்கும் செலவும் குறைந்திருக்கிறது. காவிரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் வாங்கும் ஊரில் இது சின்ன லாபமில்லை. ஆனால், இந்த லாபத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு யாரும் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதற்குக் காரணம் எளிது. சாயமிடுவது, அடுத்தவர் துணியை வாங்கிக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் செய்யும் ஜாப் வொர்க். ஒருவர் மட்டும் சுத்திகரிப்புச் செலவைச் சேர்த்து ரேட் சொன்னால், துணி அடுத்த பட்டறைக்குப் போய்விடும். எல்லோருக்கும் ஒரே நாளில் பூட்டு விழுந்ததால்தான் எல்லோரும் சேர்ந்து மாற முடிந்தது. நல்ல மனதுள்ள முதலாளிகள் அதற்கு முன்பும் இருந்தார்கள், அவர்களால் தனியாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடிட்டுக்கு வருபவர்கள் கழிவுநீர்ப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள், நல்லதுதான். விலை பேசும்போது அந்தச் செலவைச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை.

இந்தக் கட்டுப்பாடு ஓர் ஊரோடு நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரிக் கரையில் அனுமதியில்லாத பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும் அவை மறுபடி முளைப்பதும் வாடிக்கையாகிவிட்டது. கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற விதியை நாடு முழுவதும் ஜவுளி ஆலைகளுக்குக் கொண்டுவர 2015இல் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. 2016இல் வந்த இறுதி அறிவிக்கையில் அது எல்லோருக்குமான கட்டாயமாக இல்லை. இங்கே சுத்திகரித்துச் சாயமிடுபவர், அந்தச் செலவே இல்லாத வேறு மாநிலத்து ஆலையோடு விலையில் மோத வேண்டியிருக்கிறது. முதலாளிகளின் தொலைநோக்கைப் பாராட்டிய கட்டுரையாளர், அந்த இறுதி அறிவிக்கை ஏன் நீர்த்துப்போனது என்று அடுத்த இதழில் எழுதினால் வாங்கிப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வீரபாண்டி, திருப்பூர்.