ஹாலண்ட் 1: விடுபட்டுப்போன எஞ்சின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ஹாலண்ட் 1 பற்றி வெளிவந்த கட்டுரை, அது 1913இல் மாலுமிகளோடு மூழ்கியதாகக் கூறுகிறது. அது சரியன்று. பழைய இரும்பாக விற்கப்பட்டு, இழுத்துச் செல்லப்படும் வழியில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே ஆளின்றியே அது மூழ்கியது. 1904 மார்ச்சில் பயணிக் கப்பல் ஒன்று மோதியதால் 11 பேரோடு மூழ்கியது, அடுத்து வந்த நீர்மூழ்கி வகுப்பைச் சேர்ந்த ஏ1 ஆகும். கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார் போலும்.

பாதிக் கட்டுரை, நீருக்கடியில் பாய்ந்து சென்று கப்பலைத் தாக்கும் டார்பிடோவைப் பற்றியே பேசுகிறது. எஞ்சினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன் என்பதால் இந்தக் குறை எனக்கு உறுத்தியது. 1901இல் இங்கிலாந்தின் பாரோவிலுள்ள விக்கர்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் நீரில் இறக்கப்பட்ட, ஏறத்தாழ 64 அடி நீளமே உள்ள அந்தக் கலத்தில், நீர்மட்டத்தில் ஓடுவதற்குச் சுமார் 160 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சினும், மூழ்கிய பிறகு ஓடுவதற்கு பேட்டரியால் இயங்கும் மின்மோட்டாரும் இருந்தன. இவற்றோடு எட்டுப் பேரும் தடுப்புச் சுவரில்லாத ஒரே அறையில்தான் இருந்தார்கள். எங்கள் படகுகளில் டீசல் கசிந்தால் நாற்றமடிக்கும், துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். பெட்ரோல் அப்படியன்று, அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் கலத்தின் அடியில் போய்த் தங்கும், மூடிய கலத்துக்குள்ளிருந்து அது வெளியேற வழியில்லை, மோட்டாரிலிருந்தோ சுவிட்சிலிருந்தோ ஒரு பொறி பறந்தால் போதும். ஆவிக்கசிவை முன்கூட்டியே அறிய வெள்ளைச் சுண்டெலிகளைக் கூண்டில் வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் 1905 பிப்ரவரியில் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் ஏ5 கலம் பெட்ரோல் ஆவியால் வெடித்து, உள்ளே இருந்தவர்களில் பலர் மாண்டனர். 1908இல் நீரில் இறக்கப்பட்ட டி1 தொடங்கிவைத்த வகுப்பில்தான் டீசல் எஞ்சின் நிலைபெற்றது.

கலத்தை வடிவமைத்த ஜான் ஹாலண்டை ஆங்கிலேயர் என்று எழுதியதையும் திருத்த வேண்டும். அவர் அயர்லாந்துக்காரர். அமெரிக்காவில் குடியேறி, பிரிட்டனை எதிர்த்த அயர்லாந்து விடுதலை இயக்கத்தாரின் பணத்தில் ஒரு நீர்மூழ்கியைக் கட்டியவர். அவருடைய வடிவமைப்பையே பிரிட்டன் பின்னர் விலைகொடுத்து வாங்கியது. பிரெஞ்சுக் கடற்படை இத்துறையில் முந்திக்கொண்டதே அப்படி வாங்கியதற்கு முக்கியக் காரணம் என்பதைப் புதுச்சேரி வாசகர்கள் ரசிப்பார்கள்.

1982இல் மீட்கப்பட்ட ஹாலண்ட் 1 இன்று இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரிலுள்ள நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருத்தம் வெளியிடும்போது அதன் உட்புறத்தைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் சேர்த்தால், எங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.