சாவியைக் கொடுக்குறதுக்கு முன்னாடி

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி அடுத்த மாசம் இங்க வர்றதா உம்மா சொன்னாங்க. வாடகை வீட்டுக்குக் கட்டுற டெபாசிட் திரும்பக் கிடைக்குமான்னு கேட்டிருந்தீங்க. நம்ம கீழக்கரையில கடை அட்வான்ஸைப் பெரிய மனுஷங்க ரெண்டு பேரை வச்சுப் பேசி வாங்கிடலாம். இங்க காகிதம்தான் பேசும்.

ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாச வாடகை, ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு மாச வாடகைன்னு டெபாசிட் கேட்பாங்க. இங்கயே கையெழுத்துப் போட்டா 14 நாளைக்குள்ள முத்திரை வரி கட்டணும். மொத்த வாடகையில 0.4 சதவீதம், மாசம் 3,000 வெள்ளின்னா (சிங்கப்பூர் டாலரை இங்க வெள்ளின்னுதான் சொல்வோம்) ஒரு வருஷத்துக்கு 144 வெள்ளி. இதை மிச்சம் பிடிக்கிறது மடத்தனம். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை கோர்ட்டில் சாட்சியமா எடுத்துக்க மாட்டாங்க. நாலு பேர் சேர்ந்து தங்கினாலும், யார் பேரில் ஒப்பந்தமோ அவர்தான் வழக்குப் போட முடியும். தம்பி பேரும் அதில் இருக்கணும்.

சண்டை பெரும்பாலும் சுவர், ஏசி, சோபா இந்த மூணுலதான் வரும். நம்ம வீட்டு ஜன்னல் கம்பி உப்புக்காத்துல பொரிஞ்சு கொட்டுறதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாதுல்ல? பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கே ஓயாம பெயின்ட் அடிக்க வேண்டியிருந்துச்சு. அந்த மாதிரி புழக்கத்தில் வர்ற தேய்மானத்துக்கு டெபாசிட்டில் கை வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்திலேயே வழக்கமா எழுதியிருக்கும். சுவர் மங்கினா தேய்மானம். ஆணியடிச்ச ஓட்டை நம்ம கணக்கு. ஏசியை மூணு மாசத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணச் சொல்லியிருந்தா ஒவ்வொரு ரசீதையும் வச்சிருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அதைப் பிடிச்சுக்குவாங்க.

குடிபோற அன்னைக்கே கதவு, தரை, கழிவறை, அலமாரி உள்பக்கம் வரைக்கும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடணும். தேதி அதிலேயே நிக்கும். காலி பண்ற அன்னைக்கும் அதே இடங்களை எடுத்து, சாவி எத்தனை கொடுத்தோம்னு எழுதிக் கையெழுத்து வாங்கணும். டெபாசிட் இருக்கேன்னு கடைசி மாச வாடகையை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்தை மீறினது நாமன்னு ஆயிடும்.

பணம் வரலைன்னா, கெடு தேதி போட்டு எழுத்தில் கேட்டுட்டு, சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்குற ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலுக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேட்கலாம். ரெண்டு பேரும் சம்மதிச்சா 30,000. பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முக்கியமா, ஒப்பந்தம் ரெண்டு வருஷத்தைத் தாண்டக் கூடாது. 25 மாசத்துக்கு எழுதினா அந்தக் கதவு மூடிடும், மாமா.

சிங்பாஸ்னு இங்க அரசாங்கம் கொடுக்குற ஆன்லைன் அடையாளக் கணக்கை வச்சு ஆன்லைனிலேயே வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கைக்கு தனியாளுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வக்கீல் வர முடியாது, ரெண்டு பக்கமும் தாங்களே பேசணும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். முதல்ல டிரிபியூனல் அதிகாரியான ரிஜிஸ்ட்ரார் முன்னாடி சமரசம் பேசுவாங்க, பாதிக்குப் பாதின்னு பேச்சு வரும். அப்போ தம்பி உரிமையாளர் காட்டுற தாளை நல்லாப் பார்க்கணும்: அது பணம் கட்டின ரசீதா, வெறும் கொட்டேஷனா? சோபாவுக்கு எத்தனை வயசு? பழசுக்குப் புது விலை கேட்டா அங்கேயே கேள்வி கேட்கணும். அவரும் எதிர்க் கோரிக்கை போடலாம், போட்டோ அதுக்கும்தான்.

ஒத்துவரலைன்னா விசாரணை, தீர்ப்பு. தீர்ப்பு வந்தும் அவர் கொடுக்கலைன்னா டிரிபியூனல் வசூல் பண்ணித் தராது. அதுக்குத் தனியா மனுப் போடணும், செலவும் தனி. சின்னத் தொகைன்னா சமரசத்திலேயே முடிச்சுக்கிறது நல்லதுன்னு நான் சொல்வேன்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க. மாமிக்கு சலாம்.

வஸ்ஸலாம்,
உங்கள் மருமகன்