தலைவரைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திரைமறைவில் இருந்து தலைவர்களை உருவாக்குபவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் பத்திரிகைகளுக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. சாணக்கியர், சூத்திரதாரி என்று தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள், அவர் எதைப் பார்த்து அந்த ஆளைத் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் கேட்பதில்லை.

காமராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 மே 27-இல் நேரு காலமானதும் அடுத்த பிரதமர் யார் என்பதில் ஒருமித்த கருத்தைக் கண்டறியும் பொறுப்பு காங்கிரஸ் தலைவரான அவரிடம் வந்தது. எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் பார்த்துப் பேசினார், பெரும்பாலானவர்கள் விரும்புவது சாஸ்திரியைத்தான் என்றார், மொரார்ஜி தேசாய் ஒதுங்கிக்கொண்டார், ஜூன் 9-இல் சாஸ்திரி பதவியேற்றார். ஓட்டுப்பெட்டி கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. யார் என்ன சொன்னார்கள் என்பது கேட்டவருக்கே வெளிச்சம். தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாத மனிதர் என்பதால் அன்று நல்லபடியாக முடிந்தது, சரி. அதே வேலையை வேறொருவர் செய்தால்?

1966-இல் சாஸ்திரி மறைந்தபோது மொரார்ஜி விடவில்லை, ஓட்டெடுப்பு வேண்டும் என்று நின்றார். இந்திராவுக்கு 355, அவருக்கு 169. இந்திரா நம் சொல்படி நடப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் மூத்த தலைவர்களில் பலர் அவர் பின்னால் நின்றார்கள். கணக்கு தப்பியது, 1969-இல் கட்சியே இரண்டாக உடைந்தது.

எனக்கு உறுத்துவது அந்தக் கணக்குதான். இவர்களில் பலருக்கு ஆளின் திறமை இரண்டாம்பட்சம், நம் பேச்சைக் கேட்பாரா என்பதுதான் முதல் தகுதி. முகலாய அரசவையில் செல்வாக்கோடு இருந்த சையது சகோதரர்களும் அப்படித்தான். 1719-இல் ஒரே ஆண்டில் பாதுஷாவை இறக்கிவிட்டு, அடுத்தடுத்து மூன்று பேரை அரியணையில் உட்காரவைத்தார்கள். மூன்றாவதாக வந்த முகம்மது ஷா காலத்திலேயே, அதுவும் மறு ஆண்டே, அண்ணன் தம்பி இருவர் ஆதிக்கமும் முடிந்தது.

தலைவர் சொதப்பினால் மக்கள் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அவரைக் கொண்டுவந்தவரை என்ன செய்வது? (காமராஜராவது தேர்தலில் நின்றார், 1967-இல் விருதுநகரில் தோற்கவும் செய்தார். பலர் அந்தப் பக்கமே வருவதில்லை.)

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தக் கட்சியிலாவது 'தலைவர் ஒருமனதாகத் தேர்வு' என்று செய்தி போடும்போது, மாலையும் கையுமாக நிற்கும் படத்தோடு நிறுத்திவிடாமல், அதற்கு முந்தைய நாள் பேச்சுவார்த்தையில் யார் யார் உட்கார்ந்தார்கள், எந்தெந்தப் பெயர்கள் அடிபட்டன, அவை ஏன் விழுந்தன என்பதையும் விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்