பழைய வங்கிக் கட்டடங்களை ஹோட்டலாக்கும் அனுமதியில் சேர்க்க வேண்டிய நிபந்தனைகள்: கோரிக்கை மனு

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், எழும்பூர், சென்னை 600008.

அனுப்புநர்:
மரபுக் கட்டடப் பணியிலுள்ள கொத்தனார்கள், தச்சர்கள், பொறியாளர்கள், ஜார்ஜ் டவுன், சென்னை.

ஐயா / அம்மையீர்,

ராஜாஜி சாலைப் பகுதியின் பழைய வங்கிக் கட்டடங்கள் நட்சத்திர ஹோட்டல்களாவதை நாங்கள் எதிர்க்கவில்லை. பூட்டிக் கிடந்து சுவரில் அரசங்கன்று முளைப்பதைவிட ஆள் புழங்குவதே மேல். லண்டனில் மிட்லண்ட் வங்கித் தலைமையகம் 2017-இல் ஹோட்டலானபோது நிலவறை லாக்கர்களைக்கூட அப்படியே காப்பாற்றினார்கள். ஆனால் அங்கே இல்லாத ஒன்று இங்கே உண்டு: மெட்ராஸ் டெரஸ்.

தேக்குக் கட்டைகளின் மேல் அச்சுக்கல் எனும் சிறு செங்கல்லை மூலைவாட்டாகக் குத்துக்கல்லாய் நிறுத்தி, அதன்மேல் சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைத் தட்டி இறுக்கிய தளம் அது. மேசையையும் பேரேட்டையும் தாங்கும். அறைக்கொரு குளியலறை என்று வந்தால்தான் வினை. நிரம்பிய குளியல் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ வரும். எடையைத் தாங்க இரும்பு கொடுத்துவிடலாம். கசிவுக்கு என்ன செய்வது? சுவருக்குள் புதைந்த கட்டை முனைக்குக் காற்றோட்டம் கிடையாது. வெளியே தெரியும் பாகம் வார்னிஷ் மின்ன இருக்கும். முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடிவரை இறங்கும், கறுப்பாய் உதிரும். கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால், தளம் தொங்கும்வரை யாருக்கும் தெரியாது.

சிமென்ட் பூச்சும் அப்படித்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைக்கும்; உப்பு உள்ளே பூக்கும்; தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். பிறகு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாய் விழும்.

எனவே, அனுமதிக்கு முன் ஒவ்வொரு கட்டை முனையையும் திறந்து பார்த்து வரைபடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். குளியலறைகள் கட்டடத்தின் பின்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக, பழைய தளத்தைத் தொடாத தனி இரும்புச் சட்டத்தில் அமையட்டும். குழாய்களைச் சுவரைக் குடைந்து பதிக்காமல், திறந்து பார்க்கக்கூடிய வழியில் கொண்டுபோக வேண்டும். ஓடு பதிக்கும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, குழுமப் பொறியாளர் கீழிருந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பூச்சுக்குச் சுண்ணாம்பு மட்டுமே. வங்கியின் பழைய பாதுகாப்புப் பெட்டக அறைக்கு ஒரே வாசல் என்பதால், அங்கே விருந்தினரை உட்கார வைப்பதானால் இரண்டாம் வழி இல்லாமல் அனுமதி கூடாது.

சுண்ணாம்பு வேலைக்கு ஆளில்லை என்பார்கள். 2012 தீயில் சிதைந்த சேப்பாக்கம் கலஸ் மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பைக் கொண்டே மீட்டது. ஆள் இருக்கிறார்கள்; நிபந்தனைதான் இல்லை.

நிலுவையிலுள்ள விண்ணப்பங்களுக்கும் இவற்றைப் பொருத்தி ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்