கிளாரா எழுதிய இசை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான கிளாரா ஷூமன் பற்றிய கட்டுரைக்காகவே சென்ற இதழைக் காட்பாடி ஸ்டேஷனில் வாங்கி, ரயில் வருவதற்குள் படித்து முடித்தேன். தமிழ் இதழில் அந்தப் பெயரைப் பார்த்ததே பெரிய சந்தோஷம். ஆனால் மனசு ஆறவில்லை. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் காதல் மனைவி, இன்னொரு இசையமைப்பாளர் பிராம்ஸ் உருகிய பெண் என்றே நான்கு பக்கமும் ஓடிவிட்டன. அவர் வாசித்ததும் எழுதியதும் ஒரு பத்தியில் அடங்கிவிட்டன. முப்பது வருடமாக இங்கே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கிளாரா 1819-ல் ஜெர்மனியின் லைப்சிக்கில் பிறந்தவர். அப்பா ஃபிரீட்ரிக் வீக் கறாரான பியானோ வாத்தியார். மகளின் டைரியைக்கூட ‘நான்’ என்று மகள் எழுதுவது போல அவரே எழுதியிருக்கிறார். ஒன்பது வயதில் மேடை. பதினாறு வயதில், 1835 நவம்பரில், இசையமைப்பாளர் மெண்டல்சன் நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவோடு, தான் எழுதிய ஏ மைனர் கான்செர்டோவை (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி) தானே வாசித்தார். அதன் நடுப்பகுதியைக் கேட்டுப்பாருங்கள். ஏறக்குறைய முழு நேரமும் மற்ற வாத்தியங்கள் சும்மா இருக்க, பியானோவும் வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ ஒன்றே ஒன்றும் பேசிக்கொள்ளும். அத்தனை பேரையும் வாய் மூட வைக்கும் துணிச்சல் அந்தச் சின்னப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்ததோ! எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிடுவேன்.

அப்பா சம்மதிக்காததால் கோர்ட்டுக்குப் போய், 1840-ல் கல்யாணம். அதன் பிறகு, கணவர் எழுத உட்கார்ந்தால் இவர் பியானோவைத் தொட முடியாது, சத்தம் அவருக்கு இடைஞ்சல். எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். இதை வேலூர்ப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். “பப்ளிக் முடியட்டும் மிஸ்” என்று பத்தாம் வகுப்பில் நின்றுபோகும் பெண்களில் திரும்பி வருகிறவர்கள் வெகு சிலர். ஐந்தாவது கிரேடு வரை வந்த ஒருத்தி, கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். மூடியைத் திறந்து, நடு ‘சி’ கட்டையில் விரலை வைத்தாள். அழுத்தாமலே எடுத்துவிட்டாள்.

பெண்ணாய்ப் பிறந்தவள் இசை எழுத ஆசைப்படக்கூடாது என்று இருபது வயதில் கிளாராவே டைரியில் எழுதினார். அப்படி எழுதிய கைதான் 1846-ல் பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசிக்கும் பியானோ ட்ரியோவையும், 1853-ல் வயலினுக்கும் பியானோவுக்குமான மூன்று ரொமான்ஸ் என்ற மென்மையான சிறு உருப்படிகளையும் எழுதியது. மறு வருடமே ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி மனநல விடுதியில் சேர்த்தார்கள், 1856-ல் அங்கேயே இறந்தார். கிளாராவுக்கு அப்போது முப்பத்தாறு வயது, வளர்க்க ஏழு பிள்ளைகள். ஊர் ஊராகப் போய் வாசித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். அதோடு அவர் எழுதுவது ஏறக்குறைய நின்றே போனது. காதல் கதையைவிட என்னை உறுத்துவது இதுதான். உங்கள் கட்டுரையோ இதை ஒரு வரிகூடத் தொடவில்லை.

‘கணவரின் இசையைப் பரப்பவே வாழ்ந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பரப்பினார், உண்மை. ஆனால் பாக், பீத்தோவன், சோப்பின் என்று கனமான உருப்படிகளைக் கச்சேரி மேடைக்குப் பழக்கியவரும் அவரே. இசைக்குறிப்பு நோட்டு வைக்காமல் மனப்பாடமாக வாசிப்பதை வழக்கமாக்கியவர்களில் முன்னோடி. 1878 முதல் ஃபிராங்ஃபர்ட்டில் ஆசிரியை. கடைசிக் கச்சேரி 1891-ல். அறுபது வருட மேடை! யூரோ வரும்வரை ஜெர்மனியின் 100 மார்க் பண நோட்டில் இருந்ததும் அவர் முகம்தான். நோட்டின் பின்பக்கம் ஒரு பியானோ.

எங்கள் பழைய பியானோ பங்குனி வெயிலில் சுருதி இறங்கிவிடும். ட்யூன் பண்ண ஆள் சென்னையிலிருந்து வரவேண்டும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, அழுத்திய கட்டை எழும்பாது. உள்ளே ஒரு 40 வாட் பல்பை எரியவிட்டு ஈரத்தை விரட்டுகிறோம். அந்தப் பியானோவில்தான் இந்த கிறிஸ்துமஸுக்காக இரண்டு பெண்கள் கிளாராவின் நொக்டர்னை, அதாவது இரவின் அமைதியைச் சொல்லும் பியானோ உருப்படியை, பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி பத்தாம் வகுப்பு. அவள் அம்மாவுக்குக் காட்ட உங்கள் கட்டுரையை எடுத்துவைத்திருந்தேன், ஆனால் கொடுக்கவில்லை.

கிளாரா எழுதிய இசையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் போடுங்கள். டிசம்பருக்கு முன்னால் வந்தால் அதை அந்த அம்மாவிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
காட்பாடி, வேலூர்.