வாசிப்பு ஆப் செய்றவங்களுக்கு: அத்தியாயம் மாத்துறத ஸ்வைப்ல வைக்காதீங்க

வணக்கம். தமிழ் நாவல், தொடர்கதைக்கு ஆப் நடத்துற எல்லா டீமுக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன், ஒருத்தர மட்டும் சொல்லல. பக்கம் திருப்ப ஒரு ஸ்வைப், அதையே கொஞ்சம் நீளமா இழுத்துட்டா அடுத்த அத்தியாயத்துக்கே தாவும்னு வச்சிருக்கீங்க பாருங்க, ஆபீஸ்ல உக்காந்து டெஸ்ட் பண்றப்ப அது நல்லாத்தான் இருக்கும். காலைல சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல, ஈஸ்ட் வெஸ்ட் லைன்ல ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கை கட்டைவிரலாலயே படிக்கிறவங்க நாங்க, ஜூரோங் ஈஸ்ட் ஸ்டேஷன்ல கூட்டம் ஏறி ஒரு இடி இடிச்சா போதும், கொலகாரன் யாருன்னு தெரியறதுக்குள்ள அவன் ஜெயில்ல இருப்பான்.

ஓரத்துலேருந்து இழுக்குற ஐடியாவும் வேணாம். 2019ல வந்த ஆண்ட்ராய்டு 10லேருந்து ஜெஸ்சர் நேவிகேஷன் (பட்டன் இல்லாம விரலால இழுத்தே போன ஓட்டுற முறை) ஆன்ல இருந்தா இடதோ வலதோ எந்த ஓரத்துல இழுத்தாலும் பேக்தான், அதாவது முந்தின திரைக்குப் போயிடும்; இந்த ஓரத்த எங்க ஆப்புக்கு விடுன்னு நீங்க விலக்கு கேட்டாலும் ஒரு ஓரத்துல மொத்தம் 200 டிபி (ஆண்ட்ராய்டு திரை அளவுக்கான அலகு) உயரத்துக்குத்தான் விட்டுக்கொடுக்கும். ஐபோன்லயும் இடது ஓரம் பேக்குக்குத்தான். பார்வை இல்லாதவங்களுக்குத் திரையில இருக்குறத வாசிச்சுக் காட்டுற வாய்ஸ்ஓவர் (ஐபோன்), டாக்பேக் (ஆண்ட்ராய்டு) வச்சுப் படிக்கிறவங்களுக்கோ ஒரு விரல் ஸ்வைப்னாலே திரையில அடுத்த ஐட்டத்துக்குப் போறது, அவங்க பட்டன் இல்லாம என்ன செய்வாங்க?

அதனால பட்டன் வைங்க. கீழ, கட்டைவிரல் எட்டுற இடத்துல. ஆண்ட்ராய்டு 48 டிபி, ஆப்பிள் 44 பாயிண்ட் (ஐபோன் திரை அலகு) அளவாவது பட்டன் இருக்கணும்னு சொல்லியே வச்சிருக்காங்க, அதுக்குக் குறைக்காதீங்க. பட்டன் வச்சிருக்குற ஆப்லயும் அதுல "அடுத்த அத்தி..."ன்னு பாதியில வெட்டி நிக்குது, எழுத்தப் பெருசாக்கிப் படிக்கிற பெரியவங்க போன்ல அதுவும் தெரியாது. "அடுத்தது"ன்னு போட்டா தீர்ந்துச்சு. பொருளடக்கத்துலயும் அத்தியாய எண்ண முன்னாடி போடுங்க, வரிசையா "அத்தியாயம்... அத்தியாயம்..."னு மட்டும் தெரிஞ்சா எத அமுக்குறது?

எல்லாத்தையும் விட எரிச்சல் என்னன்னா, தவறித் தாவுன உடனே அதையே கடைசியா படிச்ச இடம்னு சேவ் பண்ணி டேப்லெட்டுக்கும் சின்க் பண்ணிடுது, பழைய இடம் போயே போச்சு. புது இடத்துல ரெண்டு மூணு பக்கம் படிச்ச பிறகு சேவ் பண்ணுங்களேன். அதுவரைக்கும் "விட்ட இடத்துக்குப் போ"ன்னு ஒரு பட்டன் கீழயே நிக்கட்டும், கண்ணு சிமிட்டுறதுக்குள்ள மறைஞ்சுடாம.

பக்கம் மடங்குற அனிமேஷன் எல்லாம் பிறகு பாத்துக்கலாம், யாரும் அழல. அடுத்த அப்டேட்ல அத்தியாய ஸ்வைப்ப ஆஃப் பண்ண செட்டிங்ஸ்ல ஒரு சுவிட்சாவது குடுங்க.